வெறும் அறைக்குள் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்விகளும் ஸ்டூடியோ அக்கா பதில்களும்

போன மாதம் இந்தப் பகுதியில், லண்டன் டேட் மாடர்ன் காட்சியகத்தில் 2003இல் ஓலஃபர் எலியாசன் வைத்த செயற்கைச் சூரியனைப் பற்றி எழுதியிருந்தேன். அரை வட்டத்தில் மஞ்சள் விளக்குகள், மீதி அரை வட்டத்தைக் காட்டக் கூரை முழுக்கக் கண்ணாடி, கொஞ்சம் புகைமூட்டம். வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்து, உயரத்தில் சின்னதாகத் தெரிந்த தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெளிவந்த பிறகு கடிதங்கள் நிறைய. "இன்னும் சொல்லுங்கள்" என்று சிலர், "இதையெல்லாம் கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று பலர். சிலவற்றைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அப்பா ஆரம்பித்த போட்டோ ஸ்டூடியோவைத்தான் நான் இன்னும் நடத்துகிறேன். வெளிச்சமும் கண்ணும்தான் என் பிழைப்பு. அந்த இடத்தில் நின்றுதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தங்கச்சிக்கு வணக்கம். ஒருத்தர் வருடம் முழுக்க மணிக்கு ஒருமுறை, வேலைக்கு வந்த நேரத்தைப் பதியும் பஞ்ச் கார்டு அடித்தாராம், அதைப் பெரிய கலை என்கிறார்களாம். பேரன் போனில் காட்டினான். நான் ரப்பர் தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, எழுதியவன். அப்படியானால் விடியற்காலையில் பெரட்டுக்கு, பேர் கொடுக்க, வந்து நின்ற அத்தனை பேரும் கலைஞர்களா?
– ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: வணக்கம் அண்ணே. பேரன் காட்டியது தெச்சிங் ஷே என்பவரை. 1950இல் தைவானில் பிறந்தவர். கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, 1974இல் அமெரிக்கக் கரையில் இறங்கியவர் திரும்பிப் போகவில்லை. நியூயார்க்கில் உரிய தாள் இல்லாமல் மறைந்து வாழ்ந்தார், பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார். 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை, தன் அறையில் ஒரு தொழிற்சாலைக் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு, இரவு பகல் பாராமல் மணிக்கு ஒருமுறை கார்டு அடித்தார். அடிக்கும்போதெல்லாம் சினிமா கேமராவில் தன்னை ஒரே ஒரு ஃபிரேம் எடுத்தார். ஆரம்ப நாளில் தலையை மொட்டை அடித்துக்கொண்டார். எல்லா ஃபிரேமையும் சேர்த்து ஓட்டினால் ஏறக்குறைய ஆறு நிமிடம் வருகிறது. கடிகார முள் சுழல்கிறது, மொட்டைத் தலையில் முடி வளர்ந்து தோளை நோக்கி இறங்குகிறது, ஆள் நின்ற இடத்தில் நிற்கிறார்.

வருடத்துக்கு 8,760 மணி. அதில் 133 தடவை தவறிவிட்டது. 94 முறை தூங்கிப்போனார், 29 முறை தாமதம், 10 முறை நேரத்துக்கு முன்பே அடித்துவிட்டார். இதையும் அவரே கணக்கெழுதி வைத்திருக்கிறார். செக்ரோல் எழுதிய உங்களுக்கு இந்தக் கணக்கின் அருமை என்னைவிட நன்றாகப் புரியும்.

அந்த வருடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்க முடியாது. ஒரு சினிமா பார்க்க முடியாது. அரை மணி நடை தூரத்துக்கு அப்பால் உலகமே கிடையாது, ஏனென்றால் திரும்பி வந்து அடிக்க வேண்டும். பெரட்டில் பேர் கொடுத்தவர்கள் அப்புறம் நிரைக்கு, அதாவது மர வரிசைக்கு, போனார்கள், பால் வடிய மரத்தைக் கீறி வெட்டினார்கள், பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றினார்கள், மாதக் கடைசியில் சம்பளம் வாங்கினார்கள். பேர் கொடுப்பது வேலைக்கு வாசல். ஷே அந்த வாசலை மட்டும் வைத்துக்கொண்டு, வேலை, பால், சம்பளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். மிச்சமாக நிற்பது நேரம். நமக்கு அது எப்போதும் வேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். அவர் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

தோட்டத்து மக்கள் எல்லாரும் கலைஞர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வயிற்றுக்காக, கட்டாயத்துக்காக வந்து நின்றார்கள். அந்தப் பாட்டை ஓர் அழகான பேரால் மூடிவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அந்த ஆறு நிமிடப் படத்தை யாரும் விளக்காமலே புரிந்துகொள்ளக் கூடியவர்கள் அவர்கள்தான் என்று உறுதியாகச் சொல்வேன். என் அப்பாவும் முதலில் மரம் வெட்டியவர். ஸ்டூடியோ வைத்த பிறகும், எழுப்ப மணி எதுவும் இல்லாமலே விடியற்காலை நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். கடைசிக் காலத்தில், படுக்கையில் இருந்தபோதும் அப்படித்தான். உடம்புக்குள் போன நேரம் வெளியே வருவதில்லை.

உங்களிடம் பழைய செக்ரோல் ஏதாவது மிச்சம் இருந்தால் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள், அண்ணே. கடைக்குக் கொண்டு வாருங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துத் தருகிறேன்.

கேள்வி: அக்கா, ஹிரோஷி சுகிமோட்டோ எடுத்த தியேட்டர் படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் திரை வெள்ளையாக இருக்கிறது. படம் ஓடாத நேரத்தில் எடுத்தாரா?
– படிவம் ஆறு மாணவி, ஈப்போ

பதில்: ஓடும்போதுதான் எடுத்தார், மா. டைட்டிலில் இருந்து கடைசிக் காட்சி வரைக்கும். சுகிமோட்டோ 1948இல் தோக்கியோவில் பிறந்தவர். 1970களில் நியூயார்க்கில் இந்த வரிசையைத் தொடங்கினார். பெரிய கேமராவைத் தியேட்டரின் பின்பக்கம் ஸ்டாண்டில் வைத்து, படம் ஆரம்பிக்கும்போது லென்ஸைத் திறப்பார், முடியும்போது மூடுவார். அந்த இரண்டு மணி நேர வெளிச்சமும் ஒரே ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. கதாநாயகன், சண்டை, மழை, அழுகை எல்லாம் சேர்ந்து வெறும் வெள்ளை ஆகிவிடுகிறது. திரையிலிருந்து தெறித்த வெளிச்சத்தில் தியேட்டரின் சுவர் வேலைப்பாடுகளும் காலி நாற்காலிகளும் துல்லியமாகத் தெரிகின்றன. நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தாலும் அசைந்துகொண்டே இருப்பதால் ஃபிலிமில் நிற்க மாட்டார்.

ஸ்டூடியோவில் நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க உட்கார்ந்தால், ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடுவோம். அந்தக் கண்ணிமைப்பில் நேரமே இல்லாததுபோல் முகம் நின்றுவிடுகிறது. ஆனால் இருட்டறையில் பேப்பரைக் கழுவிய காலத்தில் நேரத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிவப்பு பல்புக்குக் கீழே டெவலப்பர் தட்டில் வெள்ளைப் பேப்பரைப் போட்டுத் தட்டை மெதுவாக ஆட்ட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் கருப்பானவை முதலில் வரும்: தலைமுடி, புருவம், கண்மணி, பொட்டு. முகம் இன்னும் வந்திருக்காது, ஆனால் இரண்டு கண்கள் வெள்ளைக்குள்ளிருந்து நம்மைப் பார்க்கும். கன்னமும் நெற்றியும் கடைசியில்தான் நிறையும். இறந்துபோனவரின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தார்கள் என்றால், அந்தக் கண்கள் வருகிற நேரத்தில் நான் கையை அசைக்காமல் ஒரு கணம் நின்றுவிடுவேன்.

சுகிமோட்டோ பிற்காலத்தில் கைவிடப்பட்ட பாழடைந்த தியேட்டர்களிலும் இப்படி எடுத்தார். நம் சிறுபட்டணங்களில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படம் ஓடிய சில தியேட்டர்கள் இப்போது உணவாகும் பறவைக்கூடு எடுக்கும் கட்டடங்களாக நிற்கின்றன. ஒன்றிலாவது உள்ளே போய் இப்படி ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் வீட்டில் தாத்தாவின் பழைய ஃபிலிம் கேமரா இருந்தால் எடுத்து வா. திறந்தது திறந்தபடி லென்ஸ் நிற்கும்படி எப்படி வைப்பது என்று சொல்லித் தருகிறேன்.

கேள்வி: இதெல்லாம் பணக்காரர்கள் பொழுதுபோக்கு. ஏழைக்கு என்ன பயன்?
– வாசகர், தாப்பா

பதில்: ஏலத்தில் கோடிக்கணக்கில் போகிற கலை உண்டு, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் நான்சி ஹோல்ட் என்ற பெண்மணி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் 1973 முதல் 1976 வரை பாடுபட்டு வைத்த நான்கு கான்கிரீட் குழாய்களைப் பார்க்க டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது. ஒவ்வொன்றும் 18 அடி நீளம், ஆள் நிமிர்ந்து உள்ளே நடக்கலாம். வருடத்தின் மிக நீண்ட பகலிலும் மிகக் குறுகிய பகலிலும் உதிக்கிற, மறைகிற சூரியன் அந்தக் குழாய்களுக்கு நடுவே நேராக வந்து நிற்கும். குழாயின் மேல்பக்கம் நட்சத்திரக் கூட்டங்களின் வடிவில் ஓட்டைகள். நடுப்பகலில் உள்ளே நின்றால் காலடியில் நட்சத்திரம் விழுந்திருக்கும். குறிப்பிட்ட நாளில் சூரிய ஒளி கருவறையில் விழும்படி கோயில் கட்டிய மரபில் வந்தவர்களுக்கு இது அந்நியமான யோசனை இல்லை.

கேள்வி: அக்கா, ஒரு அறை முழுக்க வெறும் நிறம் மட்டும் இருக்கிறதாம். உள்ளே போனால் சுவர் எங்கே என்றே தெரியாதாம். வீடியோவில் பார்த்தேன், சாதாரண நீல பெயிண்ட் அடித்த அறை மாதிரிதான் இருக்கிறது. இதில் என்ன விஷயம்?
– லாரி ஓட்டுநர், குளுவாங்

பதில்: வீடியோவில் தெரியாதுதான், தம்பி. அது உங்கள் கண்ணுக்குள் நடக்கிற காரியம். ஜேம்ஸ் டரல் என்ற அமெரிக்கர் செய்வது. 1943இல் பிறந்தவர், கல்லூரியில் படித்ததே பார்வையைப் பற்றிய உளவியல். அவருடைய அறைகளில் மூலையை வளைத்து மழுப்பி, விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி வெளிச்சத்தை ஒரே சீராகப் பரப்பியிருப்பார். தூரத்தை அளக்க நம் கண்ணுக்கு ஒரு கோடு, ஒரு மூலை, ஒரு நிழல் வேண்டும். அது எதுவும் கிடைக்காதபோது சுவர் பத்தடியில் இருக்கிறதா, நூறடியில் இருக்கிறதா என்று மூளை திணறிப்போகிறது. உங்களுக்கு இது தெரியாத அனுபவம் இல்லை. கேமரன் மலைப் பாதையில் மூடுபனி இறங்கி, முன்னாலும் பக்கவாட்டிலும் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லாதபோது, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று உடம்பால் சொல்ல முடிகிறதா? மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும். டரல் அதை ஆபத்து இல்லாத இடத்தில், நின்று நிதானமாக அனுபவிக்கக் கொடுக்கிறார்.

போன் கேமரா ஏன் ஏமாற்றுகிறது என்றால், அது தானாகவே நிறத்தைச் சரிசெய்து, அறையின் விளிம்பைத் தேடிப் பிடித்து, ஒரு சட்டத்துக்குள் போட்டுக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் பார்ப்பது சட்டத்தைத்தான்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஜப்பானில், நவோஷிமா தீவில் இருக்கிறது. 1999இல் திறந்தது. கட்டடத்தைக் கட்டியவர் தடாவ் ஆண்டோ. உள்ளே கும்மிருட்டு. சுவரைத் தடவிக்கொண்டே போய் பெஞ்சில் உட்கார வேண்டும். ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய பத்து நிமிடம் கழித்து எதிரே மங்கலாக ஒரு செவ்வக வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும். யாரோ விளக்குப் போட்டார்கள் என்று நினைப்பீர்கள். விளக்கு ஆரம்பத்திலிருந்தே அதே அளவில்தான் எரிந்துகொண்டிருந்தது. உங்கள் கண் இப்போதுதான் வந்து சேர்ந்தது.

இதைப் படித்தபோது அப்பா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அவர் காலத்தில் நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் வெட்டப் போவார்கள். விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். நடு நிரையில் விளக்கு அணைந்துவிட்டால் ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நில் என்பார். கொஞ்ச நேரத்தில் மரங்கள் ஒவ்வொன்றாக வரும், வெட்டின கோடு தெரியும், பால் வடியும் மங்கு தெரியும். மரத்தை நேராகப் பார்க்காதே, அதற்குப் பக்கத்தில் பார் என்றும் சொல்வார். கண்ணின் நடுப்பகுதியில் இருட்டில் வேலை செய்கிற செல்கள் இல்லை, ஓரத்தில்தான் இருக்கின்றன. அவை முழுசாக விழித்துக்கொள்ள அரை மணி நேரம்கூட ஆகும். விஞ்ஞானப் புத்தகம் சொல்வதை அவர் நிரையில் நின்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

நவோஷிமா போக முடியாவிட்டாலும் இன்று மாலையே ஒன்று செய்யலாம். வீட்டு வாசலில் சிவப்புச் செம்பருத்தி இருந்தால், சூரியன் மறைந்த பிறகு அதன் எதிரே உட்காருங்கள். தெருவிளக்கு படாத இடமாக இருக்க வேண்டும். போனை உள்ளே வைத்துவிடுங்கள். பகலில் இலையைவிடப் பளிச்சென்று இருந்த பூ, இருட்ட இருட்ட முதலில் கறுத்துப்போகும். இலை இன்னும் சாம்பல் வெளுப்பாகத் தெரிந்துகொண்டிருக்கும். பூ மாறவில்லை. பகல் கண் ஒதுங்கி இரவுக் கண் வேலைக்கு வந்திருக்கிறது, அதற்குச் சிவப்பு தெரியாது. எங்கள் இருட்டறையில் சிவப்பு பல்பு எரிந்தும் கண் இருட்டுக்குப் பழகியே இருந்ததற்கும் இதுதான் காரணம்.

கேள்வி: நாம் வானத்தில் பார்ப்பதெல்லாம் இறந்துபோன நட்சத்திரங்கள் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். இதை வைத்தும் கலை செய்கிறார்களாமே? (எனக்கு 65 வயது, நட்சத்திரம் ரோகிணி.)
– ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தெலுக் இந்தான்

பதில்: வணக்கம் டீச்சர். மாணவர்கள் சொல்வது மிகை. வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் அநேகமாக எல்லாமே இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் பழைய வெளிச்சத்தைத்தான் பார்க்கிறோம் என்பது உண்மை. சூரியனுடையதே எட்டு நிமிடம் பழசு.

கலை விஷயத்தில் நீங்கள் குறிப்பிடுவது கேட்டி பேட்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணாக இருக்கும். மனிதர்கள் பதிவு செய்து வைத்திருக்கும் இறந்த நட்சத்திரங்கள் எல்லாவற்றையும், ஏறக்குறைய 27,000, ஒரு கறுப்புத் தகட்டில் புள்ளி புள்ளியாகப் பொறித்து 2009இல் ஒரு வரைபடம் செய்தார். அதற்கு இரண்டு வருடம் முன்னால், பீத்தோவனின் ஒரு பியானோ இசையைத் தந்தியில் அடிக்கும் மோர்ஸ் குறியீடாக மாற்றி ரேடியோ அலையில் நிலாவுக்கு அனுப்பி, அது பட்டுத் திரும்பி வந்ததைப் பிடித்து, தானாக வாசிக்கும் பியானோவில் போட்டார். நிலாவின் பள்ளங்களில் கொஞ்சம் தொலைந்துவிட்டது. அந்த இடங்களில் பியானோ மௌனமாக இருந்துவிட்டுத் தொடர்கிறது. அந்த மௌனம் நிலா வாசித்தது என்றே எனக்குத் தோன்றும்.

இப்போது உங்கள் ரோகிணிக்கு வருகிறேன், ஏனென்றால் இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ரோகிணி நம்மிடமிருந்து ஏறக்குறைய 65 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதாவது நீங்கள் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் தெலுக் இந்தான் வந்து சேர்கிறது. நீங்கள் பள்ளிக்குப் போனது, பாடம் எடுத்தது, ஓய்வு பெற்றது எல்லாம் அது வழியில் இருந்தபோதே நடந்து முடிந்தவை. சுவாதிக்காரர்களுக்கு இது 37 வயதிலேயே நடந்துவிடுகிறது. சித்திரைக்கு 250 ஒளியாண்டு. திருவாதிரைக்கு ஐந்நூறுக்கும் மேல், அதில் பிறந்தவர்கள் தங்கள் பிறந்த நாள் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. தைப்பூச இரவில் காவடி பார்த்துவிட்டு வரும்போது, ஒன்பதரை மணி வாக்கில் அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குப் பக்கத்தில் கொஞ்சம் செம்மஞ்சளாக நிற்பதுதான் ரோகிணி. அருகில் மங்கலான கொத்தாகக் கார்த்திகை. முழு நிலாவிலும் ரோகிணி தெரியும்.

கேள்வி: விண்வெளிக்கு அனுப்பிய தங்கத் தட்டில் தமிழ் வணக்கம் இருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், கிள்ளான்

பதில்: இல்லை, ஐயா. 1977இல் இரண்டு வாயேஜர் விண்கலங்களில் போன ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. பெரும்பாலான குரல்களை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில், கையில் கிடைத்த ஆட்களை வைத்து அவசரமாகப் பதிவு செய்தார்கள். அந்த அவசரத்தில் நம் குரல் விடுபட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான், ஆனால் இல்லாததை உண்டு என்று பரப்ப வேண்டாம். கேசர்பாய் கேர்கர் பாடிய ஓர் இந்துஸ்தானிப் பாட்டு அதில் இருக்கிறது. தட்டின் உறையில் கொஞ்சம் யுரேனியம் பூசியிருக்கிறார்கள். அது பாதியாகக் குறைய சுமார் 450 கோடி ஆண்டு ஆகும். என்றைக்காவது யாராவது எடுத்தால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து எப்போது அனுப்பியது என்று கணக்குப் போடலாம். இதைவிடப் பொறுமையான கடிகாரம் மனிதர் செய்ததில் இருக்கிறதா, தெரியவில்லை.

கேள்வி: எப்போதும் வெளிநாட்டுக்காரர்களையே சொல்கிறீர்கள். நம் நாட்டில் இப்படி யாரும் செய்யவில்லையா அக்கா?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: செய்திருக்கிறார்கள், மா, அதுவும் துணிச்சலாக. 1974இல் ரெட்ஸா பியாடாசா, சுலைமான் ஈசா என்ற இருவர் கோலாலம்பூரில் டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா என்ற அரசு மொழி, இலக்கிய நிறுவனத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பியாடாசா குவாந்தானில் பிறந்தவர். ஓவியம் பார்க்கலாம் என்று போனவர்களுக்கு அங்கே இருந்தவை: ஒரு காலிப் பறவைக்கூண்டு, 1974 ஜூன் 10 திங்கட்கிழமை பிற்பகல் 2.46க்குப் பறவையைத் திறந்துவிட்ட பிறகு இருக்கும் கூண்டு என்ற குறிப்போடு. மார்ச் 25 இரவு கொசு விரட்ட எரித்துத் தீர்ந்த கொசுவத்திச் சுருள்கள். பலர் உட்கார்ந்துவிட்டுப் போன ஒரு வெற்று நாற்காலி. கிள்ளான் குப்பைமேட்டில் ஜனவரி 13 ஞாயிறு மாலை 4.23க்குக் கண்டெடுத்த மழைக்கோட்டு, யாரோ ஒருவருடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற வரியோடு.

அந்த மழைக்கோட்டை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். மழையில் நனைந்துகொண்டே பால் சேர்க்கப் போன எத்தனையோ பேரின் மழைக்கோட்டு லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, கொடியில் தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பொருளைப் பொருளாகப் பார்க்காமல், நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியின் மிச்சமாகப் பாருங்கள் என்பதுதான் அந்த இருவரும் சொன்னது. கீழை நாட்டு மெய்யறிவு இப்படித்தான் உலகைப் பார்க்கும் என்று வாதித்து அறிக்கையும் எழுதினார்கள். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சாலே பென் ஜோனெட் என்ற கவிஞர் அந்த அறிக்கையின்மேல் அங்கேயே சிறுநீர் கழித்து எதிர்ப்பைக் காட்டினார். இன்றுவரை அதைத்தான் பலர் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடக் கூண்டின் 2.46 மணிதான் முக்கியம்.

சிம்ரின் கில் என்பவரையும் தேடிப் பாருங்கள். சிங்கப்பூரில் 1959இல் பிறந்து போர்ட் டிக்சனில் வளர்ந்தவர். 2001இல் தீபகற்பம் முழுக்கச் சுற்றி, இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் முன்கூடத்தை ஆள் இல்லாமல் படம் எடுத்தார். சாமி படம், டிவி, பிளாஸ்டிக் பூ, திரைச்சீலை. வீட்டுக்காரர் இல்லாமலே வீட்டுக்காரர் யார் என்று தெரிகிறது. 2013இல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் ஆஸ்திரேலிய அரங்கில் இவர் படைப்புகள் வைக்கப்பட்டபோது அரங்கின் கூரையில் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டார். மழை, வெயில், பூச்சி எல்லாம் வந்து படைப்பைத் தின்னட்டும் என்று. ஒரு படத்துக்குப் பூஞ்சை பிடித்தால் பதறிப்போகிற எனக்கு இது லேசில் ஜீரணமாகாத விஷயம். ஆனாலும் அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: நூறு வருடம் கழித்துப் படிக்கிற புத்தகம் என்று ஒன்றாமே? யாருக்கு என்ன லாபம்?
– செம்பனைத் தோட்ட மேற்பார்வையாளர், பகாவ்

பதில்: இதுவும் கேட்டி பேட்டர்சன் வேலைதான். 2014இல் நார்வேயின் ஓஸ்லோ நகருக்கு வெளியே காட்டில் ஆயிரம் மரக்கன்றுகள் நட்டார்கள். வருடத்துக்கு ஓர் எழுத்தாளர் ஒரு படைப்பைக் கொடுப்பார். முதலில் கொடுத்தவர் கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட். யாரும் படிக்கக் கூடாது. 2114இல் அந்த மரங்களை வெட்டிக் காகிதமாக்கி, நூறு படைப்புகளையும் அச்சடிப்பார்கள். கையெழுத்துப் படிகளை வைக்க ஓஸ்லோ நூலகத்தில் மரத்தாலான ஓர் அறை 2022இல் திறந்தது.

"தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த மரம் வைத்தவர்கள் பார்க்கவும் மாட்டார்கள். உங்கள் தொழிலில் செம்பனைக்கு 25 வருடம் கணக்கு, விளைச்சல் குறைந்தால் வெட்டி மறுநடவு. லாபம் என்ற அளவுகோலில் உங்கள் கேள்வி சரி. ஆனால் கோலகங்சாருக்குப் போனால், 1877இல் நட்ட ஒரு கித்தா (ரப்பர்) மரம் இன்னும் நிற்கிறது. அதை நட்டபோது அந்த ஒரு மரத்தின் சாதி நம் பாட்டன் பூட்டனைக் கடல் தாண்டிக் கொண்டுவரும், லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் அதைச் சுற்றி எழும்பும் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? கன்று நடுகிறவர் தன் காலத்துக்கு மட்டும் நடுவதில்லை. ஓஸ்லோவில் அதைத் தெரிந்தே, பெயர் வைத்துச் செய்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மரியாதை தெரிகிறது, இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை.

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க எங்கே போகலாம்? எங்களுக்கு ஒன்றும் புரியாது என்று பயமாக இருக்கிறது.
– இரு பிள்ளைகளின் தாய், சுங்கை சிப்புட்

பதில்: ஈப்போவில் ரயில் ஏறினால் கோலாலம்பூர். அங்கே இஸ்தானா புடாயா என்ற நாடக அரங்குக்குப் பக்கத்தில் பாலாய் செனி நெகாரா என்ற தேசியக் கலைக்காட்சியகம் இருக்கிறது. ஜாலான் பிஞ்சாயில் இல்ஹாம் காட்சியகம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். பிள்ளைகளையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதன் எதிரே தரையில் உட்கார்ந்துவிடுங்கள், ஒரு பாட்டு முழுசாக ஓடும் நேரமாவது. பக்கத்துக் குறிப்பை முதலில் படிக்காதீர்கள். என்ன தெரிகிறது என்று சின்னவரிடம் முதலில் கேளுங்கள், பெரியவர் அப்புறம். உட்கார்ந்த முதல் நிமிடத்தில் சொன்னதும் கடைசி நிமிடத்தில் சொன்னதும் வேறாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், இந்தப் பகுதியில் போடுகிறேன். கண்காட்சி மாறும் வாரங்களில் சில கூடங்கள் மூடியிருக்கும். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.